எந்தக் கலப்பு? அக்கரைப் பேரப்பிள்ளைகளும் நம் வீட்டு நிறக் கணக்கும்

பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு ஊர் வரும் பேரப்பிள்ளைகளை நாம் எப்படி வரவேற்கிறோம் என்று கொஞ்சம் கவனித்துப் பார்ப்போம். மூத்தவள் வாசலில் கால் வைத்ததும், "மாஷா அல்லாஹ், பொம்மையாட்டம் என்ன வெள்ளை!" என்று கன்னத்தைக் கிள்ளுகிறோம். பின்னால் வரும் இளையவளைப் பார்த்ததும், "இவ மட்டும் ஏன் வாப்பா பக்கம் போயிட்டா?" என்கிறோம். இரண்டையும் பாசத்தோடுதான் சொல்கிறோம். இரண்டு பிள்ளைகளும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். மலாய் உம்மா, தமிழ் வாப்பா. இரண்டு மாதம் கழித்து அவர்கள் திரும்பிப் போகும்போது, தமிழில் அதிகம் கற்றுக்கொள்ளாவிட்டாலும் இந்த இரண்டு வாக்கியங்களின் வித்தியாசத்தை மட்டும் சரியாகக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

அங்கே போனால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவர்களை 'மாமாக்' என்று கேலி செய்யும் பிள்ளைகள் உண்டு. 'கெலிங்' என்ற பழைய சொல், இன்று வசைச் சொல்லாகிவிட்டது, அதுவும் வந்து விழும். இங்கே மலாய்க்காரி, அங்கே இந்தியக்காரி. நாகூர், காரைக்கால், கூத்தாநல்லூர், கீழக்கரை, கடையநல்லூர், தென்காசி என்று சபர் போன ஊர்கள் எதை எடுத்தாலும் இப்படி ஒரு கிளை அக்கரையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆகவே இதை யாரோ சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் எங்கே சேர்ந்தவர்கள், அவர்களை அளக்க நாம் எடுக்கும் அளவுகோல் எங்கிருந்து வந்தது, அதற்கு நம் பெண்பிள்ளைகள் கொடுக்கும் விலை என்ன என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

நாகூரிலிருந்து மலாக்காவுக்கு

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று மலாய் மக்கள் கொண்டாடுகிறவர் முன்ஷி அப்துல்லாஹ். 1796-ல் மலாக்காவில் பிறந்தவர். தன் வரலாற்றைத் தானே மலாய் மொழியில் எழுதி 1849-ல் வெளியிட்டார். 'ஹிகாயத் அப்துல்லாஹ்' என்ற அந்த நூலில் தன் முன்னோர் பற்றி அவர் சொல்லும் விவரம் நமக்கு மிக நெருக்கமானது. அவருடைய பூட்டனார் யமன் நாட்டு அரபி. அவர் நாகூருக்கு வந்து, அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார். அவருடைய பிள்ளைகள் பிழைப்புக்காகக் கீழ்த்திசைக்குப் போனார்கள். அப்படி மலாக்கா போன கிளையில் வந்தவர்தான் அப்துல்லாஹ். சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றதோடு, தமிழும் படித்தார். அக்கால மலாக்காவில் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது வழக்கமாக இருந்தது. 1854-ல் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் வஃபாத்தானார்.

அவர் அரபியா, தமிழரா, மலாய்க்காரரா? எழுதியது மலாய் மொழியில். ஓதியது அரபியில். கணக்குக்குப் படித்தது தமிழ். மூன்றில் எதை எடுத்துவிட்டாலும் அவர் முழுமையாக இருக்கமாட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்குத் தனிப் பெயரே உண்டு. ஜாவி பெரனாக்கான் என்பார்கள். இந்திய முஸ்லிம் ஆண்களுக்கும் உள்ளூர் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழித்தோன்றல்கள். நாம் நினைப்பது போல ஓரத்தில் ஒதுங்கி நின்ற கூட்டமல்ல இது. மலாய் மொழியின் முதல் செய்தித்தாளைச் சிங்கப்பூரில் 1876-ல் நடத்தியவர்கள் இவர்கள்தான். பத்திரிகையின் பெயரும் 'ஜாவி பெரனாக்கான்'தான். படிப்பு, அச்சகம், அரசு அலுவல், வணிகம் என எல்லாவற்றிலும் முன்னணியில் நின்றார்கள். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நம்மவர்கள் கட்டியது. அந்தப் பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த தெருக்களில் எந்த வீடு தமிழ் வீடு, எந்த வீடு மலாய் வீடு என்று பிரித்துச் சொல்வது அன்றைக்கே சிரமமாக இருந்திருக்கும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாக் கலப்புத் திருமணமும் அழகான கதை அல்ல. ஊரில் ஒரு குடும்பம், பினாங்கில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் முழுசாகப் பதில் சொல்லாமல் மவுத்தாகிப் போன சபராளிகள் இருந்தார்கள். ஊர் உம்மாவுக்கு அந்தக் காயம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் வாப்பா மேல் விழாமல், அக்கரைப் பிள்ளைகளின் நிறம் மேலும் மூக்கு மேலும் பேச்சு மேலும் விழுந்து தலைமுறைகள் தாண்டி வந்திருக்கிறது. 'அங்கே உள்ளது' என்று பெயர் சொல்லாமல் குறிப்பிடப்பட்ட சகோதரர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! மார்க்கத்தில் அவர்கள் வாப்பாவின் முழு வாரிசுகள். சொத்தில் பாகம் உள்ளவர்கள். பாதிப் பிள்ளை என்று ஒரு பிரிவு ஃபராயிளு சட்டத்தில் கிடையாது.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது என்பது தனிச் சுவை. மலேசிய அரசியல் சாசனத்தின் 160-வது பிரிவு, மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் வழக்காறுகளைக் கடைப்பிடிப்பவர் என்கிறது. அதோடு சுதந்திரத்துக்கு முன்பே அந்த மண்ணோடு குடும்பத்துக்கு இருந்த தொடர்பைக் கேட்கிறது. நிறத்தைக் கேட்கவில்லை. ரத்தத்தில் எத்தனை பங்கு என்றும் கேட்கவில்லை. சிங்கப்பூரில், தன்னை மலாய்ச் சமூகத்தவராகக் கருதி, அந்தச் சமூகமும் பொதுவாக ஏற்றுக்கொண்டவர் மலாய்க்காரர் என்பது தேர்தல் சட்டத்தின் விளக்கம். 2011 ஜனவரி முதல், பெற்றோர் இரு இனத்தவராக இருந்தால் பிள்ளையின் இனத்தை இரட்டைப் பெயராகப் பதிவு செய்யவும் அங்கே வழி உண்டு.

சட்டம் இவ்வளவு தாராளமாக இருந்தும், 2017-ல் சிங்கப்பூரில் மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்ட அதிபர் பதவிக்கு ஹலீமா யாக்கோப் வந்தபோது, "இவர் வாப்பா இந்திய முஸ்லிம் ஆயிற்றே, இவர் மலாய்க்காரர்தானா?" என்ற பேச்சு எழுந்தது. எட்டு வயதில் வாப்பாவை இழந்து, மலாய் உம்மாவால் வளர்க்கப்பட்டவர் அவர். அதிபரே ஆனாலும் இந்தக் கேள்வி விடுவதில்லை என்றால், பள்ளிக்கூடப் பிள்ளையை விடுமா?

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கண்ணாடி

அழகு விஷயத்துக்கு வருவோம். நம் மொழியில் வெள்ளையாக இருப்பவரை 'சிவப்பு' என்கிறோம். பெண் நல்ல சிவப்பு என்றால் வெளுத்த நிறம் என்று பொருள். நடுத்தரம் 'மாநிறம்'. அதற்கும் கீழே போனால் 'கொஞ்சம் நிறம் கம்மி'. நிறமே இல்லாதது போல! கறுப்பும் ஒரு நிறம்தானே என்று யாரும் கேட்பதில்லை. 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்ற பழமொழி நம்மிடம் இருக்கிறது. பெண் பார்க்கப் போகும்போது மட்டும் அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மலாய் மொழியில் கணக்கு வேறு. அங்கே உயர்ந்ததாகச் சொல்லப்படுவது 'கூனிங் லங்சாட்', அதாவது லங்சாட் பழத்தின் தோல் போன்ற இளமஞ்சள். கறுத்த நிறத்தில் களையான முகத்துக்கு 'ஹித்தாம் மானிஸ்' என்கிறார்கள். கறுப்பு, இனிப்பு. இந்தோனேசியர்கள் தங்கள் நிறத்தைச் சொல்ல 'சாவோ மாத்தாங்' என்கிறார்கள். பழுத்த சப்போட்டா. பழங்களின் பெயரால் நிறம் சொல்லும் இந்த வழக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது. என்றாலும், அந்த நாடுகளின் கடைகளிலும் வெளுப்புக் கிரீம்கள் அடுக்கடுக்காக விற்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கொரியாவுக்கும் சீனாவுக்கும் போனால் அளவுகோலே மாறிவிடுகிறது. அங்கேயும் வெளுப்பு வேண்டும். ஆனால் பெண்கள் பணம் கட்டி அறுவை சிகிச்சை செய்துகொள்வது பெரும்பாலும் கண் இமைக்கு. இமையில் ஒரு மடிப்பு வேண்டும் என்பதற்காக. அடுத்தது மூக்குத் தண்டு உயர்வதற்கு. அதற்கும் மேலே தாடையைக் குறுக்கி முகத்தைச் சிறிதாக்குகிறார்கள். இமை மடிப்பும் எடுப்பான மூக்கும் நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு அல்லாஹ் கொடுத்தே அனுப்பியவை. சியோலில் ஒரு பெண் கத்தி வைத்துப் பெறுவதை வைத்துக்கொண்டு, நம் பிள்ளை கண்ணாடி முன் நின்று தோலைப் பார்த்து அழுகிறாள். அவளுடைய மலேசிய மச்சியோ நிறத்தில் குறையில்லாமல், கையில் முடி இருக்கிறது, புருவம் அடர்த்தி என்று கூனிக் குறுகுகிறாள். இந்த இரண்டு பெண்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசவிட்டால் பாதி நோய் தீரும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆசியா முழுவதும் கலப்பினத்தவரைக் கொண்டாடுகிறார்களே, விளம்பரங்களில் அவர்கள்தானே வருகிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். பிலிப்பைன்ஸில் 'மெஸ்டிசா' முகம், தாய்லாந்தில் 'லூக் க்ருங்', மலேசியாவில் 'பான் ஏசியன்' முகம் என்று சினிமாவிலும் விளம்பரத்திலும் தனி மதிப்பு. ஆனால் உற்றுப் பாருங்கள். அந்தக் கலப்பில் ஒரு பக்கம் பெரும்பாலும் ஐரோப்பியராக இருக்கும். ஜப்பானில் கலப்பினத்தவரை 'ஹாஃபு' என்பார்கள். 2015-ல் மிஸ் யுனிவர்ஸ் ஜப்பான் பட்டம் பெற்ற அரியானா மியமோட்டோவின் உம்மா ஜப்பானியர், வாப்பா கறுப்பின அமெரிக்கர். நாகசாகி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அடுத்த ஆண்டு மிஸ் வேர்ல்டு ஜப்பான் ஆன பிரியங்கா யோஷிகாவாவின் வாப்பா இந்தியர். இருவரையும் பார்த்து, ஜப்பானின் முகமாக நிற்க இவர்கள் போதுமான ஜப்பானியர்கள் இல்லை என்று ஒரு கூட்டம் எதிர்த்தது. (அழகிப் போட்டிகளில் நமக்கு உடன்பாடு இல்லை. அதைச் சுற்றி எழுந்த பேச்சுதான் இங்கே நமக்கு வேண்டியது.) ஐரோப்பியக் கலப்பு உள்ள நடிகைகளை அதே ஜப்பான் விளம்பரப் பலகைகளில் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆக, யாரும் கலப்பை வெறுக்கவும் இல்லை, விரும்பவும் இல்லை. எந்தப் பக்கத்துக் கலப்பு என்றுதான் பார்க்கிறார்கள். வெளுப்பு நோக்கிப் போனால் அது மேன்மை. கறுப்பு நோக்கி வந்தால் "வாப்பா பக்கம் போயிட்டா".

நம் ஊர்களில் இதற்கு இன்னொரு சாயமும் பூசுகிறோம். பிள்ளை வெளுப்பாகப் பிறந்தால் "அரபு ரத்தம், அப்படித்தான் இருக்கும்" என்று பெருமை. அரபு வணிகர்கள் நம் கரைக்கு வந்ததும் மணமுடித்துத் தங்கியதும் வரலாறு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தோல் நிறம் அதற்குச் சாட்சி ஆகாது. வெளுப்புக்குக் காரணமான முக்கிய மரபணு மாற்றம் ஒன்றை (எஸ்.எல்.சி.24.ஏ.5 என்று அதற்குப் பெயர்) ஹைதராபாத் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டது. ஐரோப்பியர்களிடம் இருப்பதும் இந்தியத் துணைக்கண்டத்தாரிடம் இருப்பதும் ஒரே மூலத்திலிருந்து வந்த மாற்றம்தான் என்று அவர்கள் கண்டார்கள். அதன் வயது பல்லாயிரம் ஆண்டுகள். முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்று பார்க்காமல் எல்லாச் சமூகங்களிலும் கூடக்குறையப் பரவிக் கிடக்கிறது. இப்படிப் பல மரபணுக்கள் சேர்ந்துதான் ஒருவரின் நிறம் அமைகிறது. அதனால்தான் ஒரே வீட்டில் அக்கா ஒரு நிறமும் தங்கை ஒரு நிறமுமாகப் பிறக்கிறார்கள். அரபு நாடுகளிலேயே எல்லா நிறத்தவரும் இருக்கும்போது, வெளுப்பை வைத்து அரபு வம்சம் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

உஸாமா (ரலி) அவர்களின் பாதங்கள்

கலப்புப் பிள்ளையின் நிறத்தைப் பார்த்து ஊர் பேசுவது புதிதல்ல. நபி (ஸல்) அவர்களின் மதீனாவிலேயே அது நடந்தது.

ஜைத் பின் ஹாரிஸா (ரலி) கல்ப் கோத்திரத்து அரபி. சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு, நபியவர்களால் விடுதலை செய்யப்பட்டு, மகனைப் போல வளர்ந்தவர். வெளுத்த நிறத்தவர். அவருடைய மனைவி உம்மு அய்மன் (ரலி). பரகா என்பது இயற்பெயர். ஹபஷா நாட்டைச் சேர்ந்தவர். நபியவர்களைக் குழந்தைப் பருவத்திலிருந்து தூக்கி வளர்த்தவர். இவர்களுக்குப் பிறந்தவர் உஸாமா (ரலி). உம்மாவைப் போல நல்ல கறுப்பு. இதை வைத்து, இவர் ஜைதின் பிள்ளைதானா என்று வாய் கூசாமல் பேசினார்கள். நபியவர்களுக்கு அந்தப் பேச்சு வேதனையாக இருந்தது.

ஒருநாள் ஜைதும் உஸாமாவும் ஒரே போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அங்க அடையாளம் பார்த்து வம்சம் சொல்வதில் பெயர் பெற்ற முஜஸ்ஸிஸ் என்பவர் அந்த வழியே வந்தார். யார் என்று தெரியாமலேயே நான்கு பாதங்களையும் பார்த்து, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்றார். ஒரு ஜோடி வெளுப்பு, ஒரு ஜோடி கறுப்பு. நபியவர்கள் முகம் மலர ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து இதைச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது. ஒரு இளைஞரின் பிறப்பைப் பற்றிய வீண்பேச்சு அடங்கியதற்காக அல்லாஹ்வின் தூதர் இவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பதை நாம் நின்று யோசிக்க வேண்டும். அது அவர்களுக்குச் சின்ன விஷயமாக இல்லை.

அதோடு முடியவில்லை. குறைஷிப் பெண்ணான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு இத்தா முடிந்ததும் முஆவியா (ரலி), அபூ ஜஹ்ம் (ரலி) இருவரும் பெண் கேட்டார்கள். அவர் நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார். உஸாமாவை மணந்துகொள் என்றார்கள். அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. உஸாமா விடுதலை பெற்ற அடிமையின் மகன், நிறமும் மிகக் கறுப்பு, அதனால்தான் தயங்கினார் என்று இமாம் நவவி (ரஹ்) விளக்கம் எழுதுகிறார்கள். நபியவர்கள் மீண்டும் அதையே சொன்னார்கள். அவர் ஏற்றுக்கொண்டார். பிறர் பொறாமைப்படும் அளவுக்கு நன்மை அந்த வாழ்க்கையில் கிடைத்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். இது முஸ்லிமில் உள்ள செய்தி. பெண் பார்க்கும் விஷயத்தில் நிறம் ஒரு தடையாக வந்தபோது நபியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான முன்மாதிரி நமக்குத் தேவையில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு கிராமவாசி வந்து, என் மனைவி கறுப்பான பிள்ளையைப் பெற்றிருக்கிறாள் என்று சந்தேகத்தோடு சொன்னார். உன் ஒட்டகங்களின் நிறம் என்ன என்று நபியவர்கள் கேட்டார்கள். சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தது உண்டா? உண்டு. அது எங்கிருந்து வந்தது? முன்னோரின் வேர் ஏதாவது இழுத்திருக்கும் என்றார். உன் பிள்ளையையும் அப்படி ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். மரபணு என்ற சொல் பிறப்பதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், ஒட்டகம் மேய்ப்பவருக்குப் புரியும் மொழியில் சொன்ன பதில் இது. வாசலில் நின்று "யாரைப் போல?" என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்லலாம்.

குர்ஆன் சூரத்துர் ரூமில் 22-வது வசனம், மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாக எண்ணுகிறது. மொழியையும் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறது. இரண்டு மொழியும் இரண்டு நிறமும் கொண்ட நம் பேரப்பிள்ளைகள் அந்த வசனத்தை ஓதும்போது அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

பயோடேட்டாவில் ஒரு வரி, அலமாரியில் ஒரு குப்பி

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. இது நிக்காஹ் வரை வருகிறது. வரன் தேடும் பயோடேட்டாவில் படிப்பு, உயரம், குடும்பம் எல்லாவற்றோடும் 'நிறம்' என்று ஒரு வரி இருக்கிறது. தொழுகை உண்டா என்று கேட்க ஒரு வரி இல்லாத படிவத்தில்கூட இது இருக்கும். 2020-ல் ஒரு பெரிய வரன் இணையதளம், நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எதிர்ப்பு வந்ததும் நீக்கிவிட்டது. 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி அதே ஆண்டு க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. வியாபாரிகளே வெட்கப்பட்டு ஒரு சொல்லை எடுத்துவிட்டார்கள். நம் ஜமாஅத்துகளில் வரன் பதிவேடு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை படிவம் அச்சடிக்கும்போது அந்த ஒரு வரியை எடுத்துவிடலாம். ஒரு ரூபாய் செலவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் மார்க்கம் அனுமதித்தபடி நேரில் பார்த்துக்கொள்ளத்தான் போகிறார்கள். அதற்கு முன்பே தாளில் நிறத்தை எழுதிப் பிள்ளைகளை வடிகட்ட வேண்டியதில்லை.

"ஆண் பார்த்து விரும்புவதை மார்க்கம் தடுக்கவில்லையே" என்று சிலர் கேட்பார்கள். தடுக்கவில்லைதான். நிக்காஹுக்கு முன் பார்த்துக்கொள்ளச் சொன்னதே நபிவழி. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பெண்ணை நிராகரிப்பது மாப்பிள்ளையின் கண் அல்ல, மாமியும் ராத்தாவும் "போட்டோவுல நம்ம வீட்டுக்கு ஒத்து வராது" என்று முடித்துவிடுகிறார்கள். அது விருப்பம் அல்ல, ஊருக்குப் பயந்து போடும் கணக்கு.

அந்தக் கணக்கின் முடிவு அலமாரியில் இருக்கும் குப்பியில் போய் நிற்கிறது. நம் வீட்டுப் பெண்கள் பூசும் வெளுப்புக் கிரீம்களில் இரண்டு வகை ஆபத்து உண்டு. ஒன்று ஸ்டீராய்டு கலந்தவை. தோல் நோய்க்கு மருத்துவர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுக்கும் மருந்தை மாதக் கணக்கில் முகத்தில் பூசினால், தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் எரிச்சலும் பருக்களும் வரும், அதற்குப் பயந்து மீண்டும் பூசுவார்கள். 2018-ல் இந்திய அரசு இத்தகைய பல கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது.

இரண்டாவது இன்னும் மோசம்: பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரசம் அந்த நொதியை முடக்குகிறது. சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும். அதனால்தான் "இந்தக் கிரீம் உடனே வேலை செய்யுது" என்று வாய்வழியாகப் பரவுகிறது. ஆனால் தோல் வழியே உடலுக்குள் போகும் பாதரசம் சிறுநீரகத்தில் தங்குகிறது. பூசுகிறவர் மட்டுமல்ல, அவருடைய துண்டையும் தலையணையையும் பகிர்ந்துகொள்ளும் குழந்தையும் பாதிக்கப்படலாம்.

நமக்குப் பக்கத்திலேயே, மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். அதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல். நாம் மருந்துக்கும் படிப்புக்கும் போய்வரும் ஊர் அது. அங்கே விற்கும் கிரீம் இங்கே வராது என்று நினைக்க வேண்டாம்.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. அழகுசாதனத்தில் பாதரசம் சேர்ப்பது அதன்படி தடுக்கப்பட்டது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடுதான். ஆனாலும் தயாரிப்பாளர் முகவரி இல்லாத குப்பிகள் இணையத்திலும், சபர் போய்வரும் பைகளிலும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் 'அந்த வெள்ளை கிரீம் ரெண்டு வாங்கிட்டு வாங்க' என்று சொல்லிவிடுவதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. குப்பியில் கேலோமெல், மெர்க்குரி என்ற சொற்கள் எந்த வடிவில் இருந்தாலும் தொடாதீர்கள். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே எழுதாத குப்பி அதைவிடச் சந்தேகத்துக்குரியது.

வீட்டில் யாராவது இப்படிப்பட்ட கிரீமைப் பூசிவந்து, காலையில் கண்ணைச் சுற்றியும் மாலையில் காலிலும் வீக்கம் தெரிந்தாலோ, சிறுநீர் நுரையோடு போனாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சிறிய தொகைதான் ஆகும். போகும்போது அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிரீம் பூசியதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பிள்ளை மறைக்கலாம். "எதுக்குப் பூசுனே?" என்று திட்டாமல் கேட்டால்தான் சொல்லுவாள்.